மீன்தொட்டிக்கு மேலே 230 வோல்ட்

மின்சாதனக் கடையில் இரண்டடி டியூப் ஒன்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அண்ணாந்து மேல் அடுக்கைப் பார்ப்பார். இருந்தால் தூசி தட்டி எடுத்துத் தருவார். இல்லாவிட்டால் "எல்இடி போட்டுக்குங்க" என்பார். இந்த நிலைமையும் அதிக நாள் நீடிக்காது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் முடிந்த மினமாட்டா உடன்படிக்கைக் கூட்டத்தில், பாதரசம் அடங்கிய நீள டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் வகை வாரியாக 2026, 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவாகிவிட்டது. அந்த உடன்படிக்கையை 2018-ல் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. மினமாட்டா என்பது ஜப்பானின் ஒரு கடற்கரை ஊர். ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் அங்கே மீனுக்குள் ஏறி, அந்த மீனைத் தின்றவர்களின் நரம்பைத் தாக்கியது. 1956-ல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. மீனைக் கெடுத்த பாதரசத்தின் பெயரால் வந்த ஒப்பந்தம்தான் இன்று மீன்தொட்டி டியூப்பையும் கடையிலிருந்து இறக்குகிறது.

திண்டுக்கல் பக்கம் ஓட்டல் கல்லாவை ஒட்டியும், கிளினிக் வரவேற்பறையிலும், வீட்டுக் கூடத்திலும் நிற்கிற தொட்டிகளில் கொஞ்சம் வயதானவற்றுக்கு மேலே ஒரு தகர மூடி இருக்கும். அதற்குள் ஒரு டியூப் பட்டி. டியூப் போனதும் மூடியோடு சேர்த்துக் கழித்துவிட்டு, ரிமோட்டில் ஏழு நிறம் மாறும் புது விளக்கு வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மூடியில் தகரம் நல்ல சரக்கு. கழிக்க வேண்டியது அதற்குள் ஓடும் 230 வோல்ட்டை. வெளிச்சம் கூடுவதும் கரண்ட் மிச்சமாவதும் பிறகு வருகிற லாபங்கள்.

முதலில் பழைய ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டியூப்புக்குள் இருப்பது கொஞ்சம் ஆர்கான் வாயுவும் சில மில்லிகிராம் பாதரசமும்தான். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு குமிழ் மினுங்கும். அந்தச் சூட்டில் உள்ளேயிருக்கும் இரட்டை உலோகத் தகடு வளைந்து எதிர்முனையைத் தொடும். டியூப்பின் இரு முனை இழைகளிலும் மின்சாரம் ஓடி அவை சிவக்கும். தகடு ஆறிப் பிரிகிற கணத்தில், சோக்கின் செப்புச் சுருள் சில நூறு வோல்ட் அளவுக்கு ஓர் உதை கொடுக்கும். வாயு பற்றிக்கொள்ளும். பாதரச ஆவி 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உமிழ, கண்ணாடியின் உட்பூச்சு அதை நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றும். பற்றிய பிறகு வாயு மின்னோட்டத்தைக் கட்டுமட்டில்லாமல் இழுக்கப் பார்க்கும். அதை அடக்கி வைப்பதும் சோக்கின் வேலை. 20 வாட் டியூப் என்று எழுதியிருந்தாலும் சோக்கு சூடாகித் தின்பதையும் சேர்த்தால் 30 வாட் பக்கம் வந்துவிடும்.

அறையின் சுவரில் இந்த ஏற்பாடு முப்பது வருடம்கூட ஓடும். தண்ணீருக்கு நாலு விரல்கடை மேலே வைத்தால்தான் வினை. தொட்டி நாள் முழுவதும் ஆவி விடுகிறது. காற்றுக்குமிழி உடைகிற ஒவ்வொரு முறையும் மேலே பொடித் துளி தெறிக்கிறது. அந்தத் துளி காய்ந்தால் மிஞ்சுவது உப்பு. எங்கள் வட்டாரத்தில் இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூடுதல். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். தோல் பதனிடும் ஆலைகள் இருந்த பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. கோடையில் தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகும், சுண்ணாம்பும் உப்பும் அங்கேயே தங்கும். குறைந்த அளவுக்கு மறுபடியும் போர் தண்ணீரையே ஊற்றினால் தொட்டி மாதாமாதம் இன்னும் கடினமாகும்.

அந்த உப்பு டியூப் ஹோல்டரின் பித்தளை முனையில் பச்சையாகவும், தகரத்தின் ஓரத்தில் பழுப்பாகவும், கண்ணாடி மூடியில் வெள்ளையாகவும் படியும். ஈரமான உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். மூடியைத் தூக்கி மீனுக்குத் தீனி போடுகிறவர் கை ஈரமாக இருக்கும், கால் வெறும் தரையில் இருக்கும். எர்த் இணைக்காத இரண்டு முனை பிளக்கில் ஓடும் தகர மூடியைத் தொட்டால் விறுவிறு என்று ஒரு கூச்சம் தட்டுகிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற வீடுகள் நிறைய. அந்தக் கூச்சம் ஓர் எச்சரிக்கை. அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இப்போது எல்இடி. சிவப்பு எல்இடியை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962-லேயே செய்து காட்டிவிட்டார். வெள்ளை வெளிச்சம் வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் அதற்கு நீலம் தேவைப்பட்டது. காலியம் நைட்ரைடு என்ற முரட்டுப் படிகத்தை வழிக்குக் கொண்டுவந்து பிரகாசமான நீல எல்இடியைத் தந்தவர்கள் அகசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று பேர். 2014-ல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று நாம் வாங்கும் வெள்ளை எல்இடி எல்லாமே உள்ளுக்குள் நீலம்தான். 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியின் ஒரு பகுதியை மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் விழுங்கி, பச்சை முதல் சிவப்பு வரை பரந்த ஒளியாகத் திருப்பித் தருகிறது. மிச்ச நீலமும் இதுவும் கலந்தால் வெள்ளை. பாதரசமும் இல்லை, உயர் வோல்ட் உதையும் இல்லை. ஒரு சில்லுக்கு மூன்று வோல்ட் சொச்சம் போதும். இந்தியாவில் இதன் விலை விழுந்த வேகமும் பெரிது. 2014 தொடக்கத்தில் அரசு கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த பல்பு, உஜாலா திட்டம் வந்தபின் 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது.

நம் காரியத்துக்கு முக்கியமான விஷயம் திசை. டியூப் சுற்றிலும் ஒளி வீசும். அதில் பாதி மேலே போய்த் துருப்பிடித்த தகரத்தில் மோதித் தொலையும். எல்இடி முன்பக்கம் மட்டும் வீசுகிறது. அதனால் வாட்டில் பாதியாக இருந்தாலும் தண்ணீருக்குள் இறங்கும் ஒளி குறையாது.

மீனுக்கு இந்த ஒளி பெரிதாகத் தேவையில்லை. பகல் இரவு தெரிந்தால் போதும். ஒளியை உண்கிறது செடி. பள்ளியில் தாவரவியல் சோதனை நினைவிருக்கலாம்: பீக்கர் தண்ணீரில் ஹைட்ரில்லாவை வைத்து, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனல் தண்டில் சோதனைக் குழாயைச் செருகி வெயிலில் வைப்போம். குமிழ் குமிழாக ஆக்சிஜன் ஏறும். பீக்கரை நிழலுக்குக் கொண்டுபோனால் குமிழ் குறையும். குளத்தில் வேலம்பாசி என்று ஒதுக்கித் தள்ளுகிற அதே செடிதான். பச்சையத்துக்குப் பிடித்தது நீலமும் சிவப்பும். பச்சையம் 'ஏ' உறிஞ்சும் உச்சம் 430, 662 நானோமீட்டர்களை ஒட்டியும், 'பி'யின் உச்சம் 453, 642 ஒட்டியும் இருக்கின்றன. அதற்காக ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்குதான் வேண்டும் என்பதில்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை எந்த ஒளியையும் செடி ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். நல்ல 6500 கெல்வின் வெள்ளையே போதும், மீனின் நிறமும் பார்க்க இயல்பாக இருக்கும். தண்ணீர் சிவப்பொளியை விழுங்கிவிடும் என்ற பயமும் கடலுக்குப் பொருந்தும் அளவுக்கு ஓரடித் தொட்டிக்குப் பொருந்தாது. அந்த ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் அதிகம். சுண்ணாம்பு படிந்த கண்ணாடி மூடி தின்கிற ஒளி அதைவிடப் பெரிது.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதில்தான் ஆர்வக்கோளாறு நடக்கிறது. 1905-ல் பிளாக்மன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் சொன்ன விதி பிளஸ் ஒன் பாடத்தில் வரும்: ஒளிச்சேர்க்கையின் வேகத்தை நிர்ணயிப்பது, தேவையானவற்றில் எது மிகக் குறைவோ அதுதான். தொட்டியில் கரியமில வாயு கொஞ்சமாக இருக்கும்போது வெளிச்சத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் செடி இரட்டிப்பாக வளராது. மிஞ்சிய ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். மீன் கழிவு உரமாகத் தயாராக இருக்கிறது. பத்தே நாளில் கண்ணாடி பச்சையாகும். கடினத் தண்ணீர்க்காரர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடிகள். நம் போர் தண்ணீரில் அது தாராளம். விலை உயர்ந்த செடிகளை வரவழைத்து ஒவ்வொன்றாகக் கருகவிடுவதைவிட இந்த இரண்டில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் கொள்ளளவு 57 லிட்டர் அளவு. எளிய செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 25 லூமன் என்பது மீன் வளர்ப்போர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. லூமன் நம் கண்ணுக்காக வகுத்த அளவு, செடிக்கானது அல்ல. என்றாலும் ஒரே மாதிரி வெள்ளை விளக்குகளை ஒப்பிட அது போதும். நமக்கு ஏறத்தாழ 1000 லூமன் வேண்டும். எல்இடியில் அது 10 முதல் 12 வாட்.

மாற்றுவதற்கு மூன்று வழி. ஒன்று, பழைய பட்டியிலேயே எல்இடி டியூப்பை மாட்டுவது. பார்க்கச் சுலபம், எனக்குப் பிடிக்காதது. ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கை விலக்கி, வயரை மாற்றிப்போட வேண்டும். சில எல்இடி டியூப்களில் இரண்டு வயரும் ஒரே முனைக்கு, சிலவற்றில் முனைக்கு ஒன்று. இரண்டாவது வகையில் சுவிட்சை அணைக்காமல் ஒரு முனையைச் செருகினால் கையில் இருக்கும் மறுமுனையில் கரண்ட் வரலாம். எல்லாம் சரியாகச் செய்தாலும் 230 வோல்ட் தண்ணீருக்கு மேலேயே இருக்கும். இரண்டாவது, புது எல்இடி பட்டியை மூடிக்குள் திருகி வைப்பது. அதற்கும் இதே குறை. திருவிழாவுக்கும் கடை முகப்புக்கும் சுற்றுகிற ரோல் ரோப் லைட்டை மூடிக்குள் ஒட்டுகிறவர்களையும் பார்க்கலாம். அதில் பாதிக்கு மேல் நேராக 230 வோல்ட்டில் ஓடுவது. பிளக்கை ஒட்டிய சிறு பெட்டி மின்சாரத்தை ஒரு திசைப்படுத்துகிறதே தவிர வோல்ட்டைக் குறைப்பதில்லை. பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும். அதைத் தொட்டி பக்கமே கொண்டுவரக் கூடாது.

மூன்றாவது வழி 12 வோல்ட். அதற்கான சரக்கு மீன் கடையில் இல்லை, கடைப் பலகை செய்கிறவர்களிடம் இருக்கிறது. எழுத்து எரிகிற போர்டுகளுக்குள் வைக்கும் எல்இடி மாடியூல் ஊருக்கு ஊர் கிடைக்கிறது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கட்டி, அதில் இரண்டு மூன்று சில்லு, மேலே குவிந்த மூடி, முழுவதும் அடைத்து வார்த்தது. வெயில் மழையில் கிடக்கவே செய்த பொருள் என்பதால் தொட்டி ஆவி அதற்குப் பொருட்டில்லை. ஒன்று 1 வாட் முதல் 1.5 வாட் வரை வரும், இருபது சேர்ந்த சரமாகக் கிடைக்கும். வாங்கும்போது 6500 கெல்வின் என்று கேட்டு வாங்க வேண்டும். போர்டுக்காரர்கள் விரும்பும் நீலம் பாய்ந்த 10,000 கெல்வின் வகையில் தங்கமீன் வெளிறித் தெரியும். நம் தொட்டிக்கு 1 வாட்டில் பன்னிரண்டு போதும். வேண்டுமானால் அதில் இரண்டைச் சிவப்பாக்கலாம். செடிக்குக் கொஞ்சம் உதவி, சிவப்பு மோலிக்கும் கப்பிக்கும் நிறம் தூக்கும்.

பன்னிரண்டு வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1 ஆம்பியர். 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் அது சூடாகாமல் பாதிச் சுமையில் ஓடும். முழுக்க மூடிய, பிஐஎஸ் பதிவு எண் உள்ள அடாப்டராக இருக்கட்டும். திறந்த முனைகளுள்ள இரும்புப் பெட்டி எஸ்எம்பிஎஸ் இங்கே வேண்டாம். அடாப்டரின் இடம் தொட்டிக்கு மேலேயும் அல்ல, கீழே தரையிலும் அல்ல. பக்கத்துச் சுவரில், தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில். அங்கிருந்து மூடிக்கு வரும் மெல்லிய வயரில் ஓடுவது வெறும் 12 வோல்ட். வயர் அறுந்து தொட்டிக்குள் விழுந்தாலும் மீனும் நீங்களும் பிழைப்பீர்கள்.

இனி மூடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் டியூப்பைப் பத்திரமாகக் கழற்றித் தனியே வையுங்கள், உடைக்காமல். பாதரச விளக்கு மின்கழிவு விதிகளுக்குள் வருவது. குப்பை வண்டிக்குக் கொடுக்கும்போது தனியாகக் கட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு ஹோல்டர், ஸ்டார்ட்டர், சோக்கு, பழைய வயர் எல்லாம் வெளியே வரட்டும். ஒன்றையும் "இருக்கட்டுமே" என்று விடக்கூடாது. சோக்கின் செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. சுண்ணாம்புப் படிவை வினிகர் ஊற்றி ஊறவிட்டால் நுரைத்துக் கரையும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, உட்புறம் வெள்ளை எனாமல் அடித்து, வாடை முழுதும் போகும்வரை சில நாள் வெயிலில் காயவிட வேண்டும். ஈரப் பெயிண்டின் ஆவி தொட்டிக்குள் இறங்கினால் மீன் தாங்காது.

எல்இடி சூடாகாது என்பது பாதி உண்மை. அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. டியூப் போல முன்னால் வீசாமல் முதுகுப்பக்கமாக இறக்குகிறது. அந்தச் சூட்டை வாங்கிப் பரப்ப உலோகம் வேண்டும். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் ஒரு அலுமினியப் பட்டையை உள்ளே பொருத்தி அதன்மேல் மாடியூலை வைக்கலாம். தகர மூடிக்கு அது தேவையில்லை, மூடியே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பழைய தகர மூடியைக் கழிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். மாடியூலின் முதுகில் வரும் இரட்டைப் பக்க ஒட்டு டேப்பை நம்ப வேண்டாம். திண்டுக்கல் சித்திரை வெயிலில், ஆவிக்கு மேலே, அது ஒரு கோடை தாண்டாது. இரு பக்கமும் துளையிருக்கும், ரிவெட்டோ ஸ்டெயின்லெஸ் திருகோ போடலாம். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது, 2019-ல். தகரத்தில் துளை போட்டு ராவி ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. செம்பு, பித்தளைத் திருகு மட்டும் வேண்டாம். அதிலிருந்து சொட்டும் பச்சை நீர் இறாலையும் நத்தையையும் கொல்லும்.

ஆறு ஆறாக இரண்டு வரிசை, பத்து சென்டிமீட்டர் இடைவெளி. சரத்தின் வயர் எட்டாவிட்டால் கொஞ்சம் நெருக்கலாம். வரிசைகளை நடுவில் வைப்பதைவிட முன்கண்ணாடிப் பக்கம் தள்ளி வைப்பது நல்லது. ஒளி முன்னாலிருந்து பட்டால்தான் செதிலின் நிறம் நமக்குத் திரும்பி வரும். பின்னாலிருந்து வந்தால் மீன் நிழலுருவாகத் தெரியும். பழைய மூடிகளில் டியூப் பெரும்பாலும் பின்னால் தள்ளியே இருந்தது, கண்ணாடிக் கதவுக்கு இடம் விட்டு. இந்த ஒரு மாற்றத்திலேயே தொட்டி புதிதாகத் தெரியும். வயர் இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, இரு ஓரமும் சிலிக்கோனால் அடைக்க வேண்டும். இன்சுலேஷன் டேப் ஈரத்தில் பசை விட்டுத் தொங்கும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கோனாகப் பார்த்து வாங்கி, வினிகர் வாடை போகும்வரை விட்டுவிடுங்கள். மூடியிலிருந்து வெளியேறும் வயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறி அடாப்டருக்குப் போகட்டும். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் இந்த வளைவு கட்டாயம், ஏனென்றால் அவை இன்னும் 230 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அவற்றுக்காக வீட்டு மெயின் போர்டில் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு தேவை, தீனி போட ஒரு மூலை வெட்டியது. வாரம் ஒருமுறை வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

கரண்ட் பில்லில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். தினம் எட்டு மணி நேரம் எரித்தால் பழைய டியூப் இரண்டு மாதத்தில் 14 யூனிட் சொச்சம் எடுத்தது, இது ஏழுக்குள் அடங்கும். மின்வாரியத்தின் முதல் 100 இலவச யூனிட்டுக்குள் இருக்கிறவருக்கு ஒரு காசும் மிச்சமில்லை. உண்மையான லாபம் கோடையில். நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 32 டிகிரியில் 7.3. தண்ணீர் சுட மீனின் மூச்சுத் தேவையும் கூடும். அந்த நேரத்தில் தொட்டியின் தலைமேல் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்த சோக்கு இப்போது இல்லை.

விளக்குக்கு ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். முள் சுற்றும் மலிவு வகை, கரண்ட் போகும்போது தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்தடை என்றால் இரவு எட்டுக்கு அணைய வேண்டிய விளக்கு பத்துக்கு அணையும். இன்வெர்ட்டர் லைனில் மாட்டலாம், அல்லது உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் வகையாக வாங்கலாம். முதல் இரண்டு வாரம் ஐந்தாறு மணி நேரம் போதும். பழைய மங்கல் டியூப்புக்குப் பழகிய செடி சில இலைகளை உதிர்த்துவிட்டுப் புது இலை விடும். பழுப்புப் பாசி வந்தால் பொறுங்கள், பெரும்பாலும் தானே அடங்கும். பச்சைப் பாசி வந்தால் ஒரு மணி நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் ஓரிரு மாடியூலைத் துண்டித்துவிடலாம். சன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் எந்த விளக்குக் கணக்கும் நிற்காது, திரை போட வேண்டியதுதான். சரத்தில் மிச்சமிருக்கும் எட்டு மாடியூலைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். ஒன்று அணைந்தால் அதன் இரு பக்க வயரையும் வெட்டி, மிச்சத்திலிருந்து ஒன்றை வைத்துப் பற்றவைக்க அரை மணி நேரம் ஆகும். ஸ்லீவும் சிலிக்கோனும் மறுபடியும் போட மறக்கக் கூடாது.